திருமலையின் மூன்று மறைகள்

சென்ற தவணையின் இறுதியிலே ஒரு நாள், மதிய இடைவேளையை அடுத்து வரும் பாடவேளை. கடற்காற்று ஓய்ந்துவிட்டது, வகுப்பறை முழுவதிலும் உறக்கம் கவிந்திருந்தது. அந்த நேரத்திலும் ஒரு மாணவன் மட்டும் கண் இமையாது விழித்திருந்தான். அவன் மேசைக்குக் கீழே விரித்து வைத்திருந்த புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். தடித்த ஆங்கில நாவல். பழைய தேவாலயம் ஒன்று, அதன் சுவரிலே செதுக்கிய குறிகள், அக்குறிகளின் பொருளை அறிந்த மறைவுச் சங்கம், அச்சங்கத்தைத் தேடி அலையும் ஒரு பேராசிரியர், அத்தியாயத்துக்கு ஒரு கொலை! இவ்வளவும் அதிலே இருந்தன.

கோபிக்க முயன்றோம், முடியவில்லை. அவன் வயதில் நாமும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும், தமிழ்வாணனின் சங்கர்லாலையும் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்களே. பாடம் முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அப்போது அவன் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை சொன்னான்.

“சேர், உப்பிடி மர்மமெல்லாம் ஐரோப்பாவிலதான் கிடக்கு. எங்கட ஊரில என்ன இருக்கு?”

அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல எமக்கு மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை காலையில், அவனையும் அவன் தோழர் நால்வரையும் கோட்டை வாயிலுக்கு வரச் சொன்னோம். அன்று அவர்களுக்குச் சொன்னவற்றையும், அவர்களிடமிருந்து நாம் அறிந்துகொண்ட ஒன்றையும் இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் ஒரு பழைய இலக்கணச் செய்தி. ஒரு கூட்டத்தார் பிறர் அறியாதபடி தமக்குள் வழங்கும் சொல்லை நன்னூலார் குழூஉக்குறி என்றார். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர். யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பர். வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பர் என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டினர். கள்ளுண்டவன் உள்ளத்தில் உள்ளதை எல்லாம் சொல்லிவிடுவான் அல்லவா? பெயர் வைத்தவன் நகைச்சுவை அறிந்தவன். கடைத்தெருவிலும் இவ்வழக்கம் உண்டு. எழுத்து ஒன்றுக்கு எண் ஒன்றாக வைத்துக்கொண்டு, வாங்கிய விலையைச் சரக்கின் மேலேயே எழுதி வைக்கும் வணிகர்களைப் பலர் கண்டிருப்பீர்கள். விலை எம் கண்முன்னே இருக்கும். பேரம் பேசுகின்ற எமக்கோ அது தெரியாது.

ஆகவே மறைமொழி என்பது பூட்டும் சாவியும் சேர்ந்ததொன்று. பூட்டை எவரும் பார்க்கலாம். சாவி சிலரிடம் மட்டுமே இருக்கும். அந்தச் சிலர் சாவியை எவரிடமும் கொடாமலே மறைந்துவிட்டால் என்ன ஆகும்? அல்லது, வேண்டாதவன் கையில் அது சிக்கிவிட்டால் என்ன ஆகும்? இவ்விரண்டும் எமது துறைமுகப் பட்டினத்திலே நிகழ்ந்திருக்கின்றன. மூன்றாவதாக, சாவியை ஊரார் வாய்வழியாகவே காத்து வந்த அதிசயமும் நிகழ்ந்திருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

கல்லிலே ஒரு விடுகதை

பிரட்ரிக் கோட்டை வாயிலை அறியாத திருமலைவாசி இல்லை. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியே அதுதான். உள்ளே படையினரின் முகாம். மர நிழலில் புள்ளிமான்கள் அச்சமின்றித் திரியும். அருச்சனைத் தட்டுடன் விரைகின்ற நாம் வாயிலின் வலப்புறத்து நிலைக்கல்லைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்கல்லிலே தேய்ந்து சிதைந்த தமிழ் எழுத்துக்கள் உள்ளன. உடன் இணைக்கயற் சின்னமும் உண்டு. எழுத்தின் அமைதியைக் கொண்டு அது 16ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர் ஆய்வாளர்.

மாணவர்கள் ஐவரும் கல்லின் முன்னே குந்தியிருந்து எழுத்துக் கூட்டினார்கள். ‘குள’ என்றான் ஒருவன். ‘பணியை’ என்றான் மற்றொருவன். ‘பறங்கி’ என்னும் சொல்லைக் கண்டதும் மூவர் ஒரே குரலில் கூவினர். அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. அங்கே பாதி எழுத்து, இங்கே கால் எழுத்து, இடையிலே வெறும் கல்.

அப்போது நாவல் படித்த அந்த மாணவன் கைத்தொலைபேசியை எடுத்துத் தன் அம்மம்மாவை அழைத்தான். “குளக்கோட்டன், பறங்கி எண்டு ஏதோ வருது அம்மம்மா” என்று அவன் சொல்லி வாய் மூடுமுன், மறுமுனையில் அந்த மூதாட்டி முழு வெண்பாவையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தார். தம்பலகாமத்திலே வயலும் வாய்க்காலுமாக வாழ்ந்த தம் தந்தையாரிடம் சிறுமியாய் இருந்தபோது கேட்டதாம். அவர் அந்தக் கல்லை ஒரு நாளேனும் உற்றுப் பார்த்ததில்லை. ஆயினும் கல் இழந்த எழுத்துக்கள் யாவும் அவர் நாவில் இருந்தன.

அப்பாட்டின் கருத்து இதுதான். முன்னாளிற் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளிற் பறங்கி உடைப்பான். அதன் பின் அதனைப் பேணுவார் இரார். பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்போர் ஒருவர்பின் ஒருவராக ஆள்வர். இறுதியிலே நாடு வடுகாய்விடும். பாட்டின் சொற்கள் ஏட்டுக்கு ஏடு, வாய்க்கு வாய் சிறிது மாறுபடும். கருத்து பெரும்பாலும் மாறுவதில்லை.

இங்கேதான் துப்பறிவாளனுக்கு வேலை. யார் இந்த மூன்று கண்ணர்? மேல்நாட்டவரின் கண் நிறத்தைக் கண்டு எம்மவர் வைத்த குழூஉக்குறி என்பது வெளிப்படை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று எளிதாகச் சொல்லிவிடுவார் பலர். ஆனால், பறங்கியைத்தான் பாட்டு முன்னமே பெயர் சொல்லி அழைத்துவிட்டதே! அவனை மீண்டும் கணக்கிலெடுக்கலாமா? எடாவிட்டால் மூன்றாமவன் யார்? ஒல்லாந்தர் 1639ஆம் ஆண்டிலே இக்கோட்டையைப் பிடித்தனர். பிரெஞ்சுக்காரர் 1672ஆம் ஆண்டிலும் 1782ஆம் ஆண்டிலும் இத்துறைமுகத்தில் கால் வைத்தனர். ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டிலே நிலையாக அமர்ந்தனர். அப்படியானால், செங்கண்ணன் பிரெஞ்சுக்காரனா? வடுகு என்னும் சொல்லுக்கோ, ஒவ்வொரு தலைமுறையும் தான் கண்ட ஆட்சியைப் பொருளாக்கிக்கொண்டது. மாணவர் ஐவரும் வாயிலிலே நின்று ஐந்து விதமாக வாதாடினர். நாவலை ஒருவரும் நினைக்கவில்லை.

இன்னொரு கேள்வியும் எழுந்தது. இது தீர்க்கதரிசனமா, அன்றி நடந்து முடிந்த பின் எழுதியதா? கோயிலை இடித்த கல்லைக் கொண்டு போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர் என்பது வரலாறு. ஆதலால், கோயிற் கல்லாய் இருந்தபோதே இவ்வெழுத்து அதில் இருந்ததென்று கொள்வோர், இதனை முன்னறிவிப்பு என்கின்றனர். அவ்வாறே கொண்டாலும், எழுதியவன் சோதிடனாய் இருந்திருக்க வேண்டியதில்லை. செய்தி அறிந்தவனாய் இருந்தாற் போதும். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505ஆம் ஆண்டு. யாழ்ப்பாண அரசு அவர்கள் கையில் வீழ்ந்தது 1619ஆம் ஆண்டு. மற்றக் கோயில்களுக்கு நேர்ந்தது நாளை இக்கோயிலுக்கும் நேரும் என்று அஞ்சிய ஒருவன், தன் அச்சத்தை வெண்பாவாக்கிவிட்டுப் போயிருக்கலாம். அச்சமும் ஒருவகை அறிவுதான்.

மண்ணிலே ஒரு மௌனம்

அந்த அச்சம் மெய்யாயிற்று. 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் கோணேசர் கோயில் கொள்ளையிடப்பட்டு இடிக்கப்பட்டது. அன்று சித்திரைப் புத்தாண்டு என்றும், சுவாமி வீதியுலா எழுந்தருளிய வேளையில் அந்தணர் வேடம் பூண்ட போர்வீரர்கள் உள்ளே நுழைந்தனர் என்றும் ஊர் மரபு சொல்லும். மாறுவேடம், திருவிழாக் கூட்டம், வெறிச்சோடிய கோயில்! எந்த நாவலாசிரியனும் இதைவிட நன்றாகக் கற்பனை செய்ய மாட்டான்.

அந்த நெருக்கடியிலே கோயிலைச் சேர்ந்தவர்கள் செய்தது என்ன? திருவுருவங்களிற் சிலவற்றை எடுத்துச் சென்று காட்டிலே மறைத்துப் பூசித்தனர் என்றும், பின்னர் அவை தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலிலே எழுந்தருளின என்றும் மரபு உண்டு. வேறு சிலவற்றை மண்ணிலே புதைத்தனர். எங்கே புதைத்தோம் என்பதை அவர்கள் வெளியே சொல்லவில்லை. சொல்லவும் கூடாத காலம் அது. சித்திரவதைக்கு உள்ளானாலும் வாய் திறவாத ஒரு சிறு கூட்டம் அந்நாளில் இருந்திருக்க வேண்டும். மறைவுச் சங்கம் என்றால் அதுவன்றோ மறைவுச் சங்கம்!

அவர்கள் மிக நன்றாகக் காத்துவிட்டார்கள் என்பதே இக்கதையின் துயரம். காத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். சாவியும் அவர்களோடு மறைந்தது. ஒல்லாந்தர் வந்தனர், அறியவில்லை. ஆங்கிலேயர் வந்தனர், அறியவில்லை. ஆண்டுதோறும் அதே நிலத்தின்மேல் நடந்து, சுவாமி மலை உச்சியிலே வெறும் பாறையை நோக்கிக் கற்பூரம் ஏற்றிய எமது முன்னோரும் அறியவில்லை.

1950ஆம் ஆண்டிலே நகரசபையார் தண்ணீருக்காகக் கிணறு வெட்டியபோது மண்வெட்டி உலோகத்தில் மோதியது. கோயில் இருந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 500 யார் தூரத்திலே, சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பிகை முதலிய திருவுருவங்கள் வெளிவந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த மௌனம், தண்ணீர் தேடிய கூலியாளின் ஒரு வெட்டிலே கலைந்தது. அதன் பின் 1956ஆம் ஆண்டிலே எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் சுவாமி மலையடியிலே கடலில் மூழ்கி, பழைய கோயிலின் செதுக்குக் கற்களைக் கண்டனர். 1963ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் திகதி புதுக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது.

வாசகர்கள் இங்கே ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எல்லோரும் பார்க்கத்தக்க வாயிற் கல்லிலே இருந்த விடுகதை, எழுத்துத் தேய்ந்தும் பிழைத்தது. எவரும் பாராத மண்ணிலே வைத்த செல்வமோ, தற்செயலாகவே மீண்டது. கிணறு பத்து முழம் தள்ளி வெட்டப்பட்டிருந்தால்?

எண்ணிலே ஒரு பிழை

மூன்றாவது மறை எம் பாட்டன்மார் காலத்தது. அதன் பூட்டு யப்பானியருடையது. சாவியைத் தேடியவர் ஆங்கிலேயர். இடி விழுந்தது திருமலையிலே.

1939ஆம் ஆண்டு முதல் யப்பானியக் கடற்படை ஒரு சங்கேத முறையைக் கையாண்டது. அமெரிக்கர் அதற்குப் பின்னாளில் இட்ட பெயர் ஜே.என். 25. அதன் அமைப்பு மிகவும் எளிது. ஏறத்தாழ 30,000 சொற்களும் தொடர்களும் கொண்ட குறியேடு ஒன்று; ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண் ஒன்று. அந்த எண்ணை அப்படியே அனுப்பினால் எதிரி சில மாதங்களில் ஊகித்துவிடுவான். ஆதலால் வேறொரு புத்தகத்திலிருந்து ஒழுங்கற்ற ஐந்து இலக்க எண் ஒன்றை எடுத்து அதனோடு கூட்டுவர்.

மாணவர்களுக்காக நாமே ஓர் உதாரணம் அமைத்தோம். ‘துறைமுகம்’ என்பதற்கு 12345 என்று வைத்துக்கொள்வோம். கூட்ட வேண்டிய எண் 67891. இலக்கம் இலக்கமாகக் கூட்ட வேண்டும். மீதியை அடுத்த இடத்துக்குக் கொண்டு செல்லலாகாது. ஒன்றும் ஆறும் 7. இரண்டும் ஏழும் 9. மூன்றும் எட்டும் 11, அதிலே 1 மட்டும். நான்கும் ஒன்பதும் 13, அதிலே 3 மட்டும். ஐந்தும் ஒன்றும் 6. ஆகவே வானிலே செல்வது 79136. கேட்பவனிடம் அதே புத்தகம் இருந்தால், அவ்வாறே கழித்து 12345ஐ மீட்டுக்கொள்வான். இல்லாதவனுக்கு அது வெறும் இரைச்சல்.

இனி வருவதுதான் வேடிக்கை. வானொலியிலே இரைச்சலும் இடியும் கலந்து இலக்கங்கள் பிழைபட்டுப் போவதுண்டு. பிழையைக் கண்டுகொள்ள யப்பானியர் ஒரு விதி வைத்தனர். குறியேட்டிலுள்ள எண் ஒவ்வொன்றும் மூன்றால் மீதியின்றி வகுபட வேண்டும். எமது 12345 என்பதன் இலக்கங்களைக் கூட்டினால் 15, மூன்றால் வகுபடும். கழித்த பின் வரும் எண் அவ்வாறு வகுபடாவிட்டால், எங்கோ பிழை என்று எழுத்தர் அறிந்துகொள்வார். நல்ல ஏற்பாடு. ஆனால், அதே ஏற்பாடு எதிரிக்கும் உதவிற்று. ஒரே கூட்டெண் பயன்பட்ட பத்துச் செய்திகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். கூட்டெண் இதுவாக இருக்கலாம் என்று ஒன்றை ஊகித்துக் கழியுங்கள். வரும் பத்து எண்களும் மூன்றால் வகுபட்டால், ஊகம் சரி! தற்செயலாக அப்படி அமைவது 59,049 தடவையில் ஒரு தடவைதான். வீட்டைக் காக்க வைத்த நாய், திருடனுக்கு வாலாட்டியது போலாயிற்று.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் இருந்த இடம் எது தெரியுமா? ஆங்கிலேயரின் தூரகிழக்குச் சங்கேதப் பிரிவு ஹொங்கொங்கிலிருந்து சிங்கப்பூருக்கும், சிங்கப்பூர் வீழுமுன் 1942 சனவரியில் கொழும்புக்கும் பெயர்ந்தது. கொழும்பிலே அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பாடசாலைக் கட்டடம். கரும்பலகைகளுக்கு முன்னே, மாணவர் இருந்த வாங்குகளிலே இருந்துகொண்டு, கடலுக்கப்பாலுள்ள பேரரசு ஒன்றின் இரகசியத்தைக் கூட்டியும் கழித்தும் வகுத்தும் கண்டனர். ஆசிரியராகிய எமக்கு இதிலே ஒரு சிறு பெருமை உண்டு.

1942 மார்ச்சு மாதத்திலே அவர்கள் ஒரு பெருஞ் செய்தியைப் படித்தனர். யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கையைத் தாக்க வரப்போகின்றன! தாக்கப்படும் இடம் எழுத்துக் குறியால் மறைக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஒரு செய்தியிலே ‘கோ-ரோ-ன்-போ’ என்று அசை அசையாக ஊர்ப்பெயர் வந்துவிட்டதாக அங்கே பணியாற்றியோரின் நினைவுகள் கூறுகின்றன. நாள், ஏப்பிரில் 1ஆம் திகதி அளவில் என்று கணித்தனர்.

அட்மிரல் சேர் ஜேம்ஸ் சோமவில் தமது கடற்படையை இலங்கைக்குத் தெற்கே கொண்டுசென்று மார்ச்சு 31 முதல் ஏப்பிரில் 2 வரை காத்திருந்தார். கடல் வெறுமையாய் இருந்தது. செய்தி பொய்யோ என்ற ஐயம் பிறந்தது. எண்ணெயும் நீரும் நிரப்பக் கப்பல்கள் மாலைதீவிலுள்ள அட்டு வளைகுடாவுக்குச் சென்றன. அவர் போனபின் எதிரி வந்தான். ஏப்பிரில் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல் அவர்களைக் கண்டு, தாம் சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பினார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று.

திருமலையின் முறை ஏப்பிரில் 9ஆம் திகதி வந்தது. முதல் நாளே தேடுதல் விமானம் யப்பானியக் கப்பல்களைக் கண்டுவிட்டமையால், அன்றிரவே துறைமுகத்திலிருந்து கப்பல்களை வெளியேற்றினர். வியாழக்கிழமை காலை ஏழு மணி அளவில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் வானை மூடின. கப்பற்றளமும் சீனன்குடா விமானத்தளமும் நொறுங்கின. எண்ணெய்க் குதங்களில் ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. பாதுகாப்புக்காக வெளியேறிய ‘ஹேர்மிஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலோ, தன் விமானங்களைக் கரையிலே விட்டு வெறுங்கையாய்த் தெற்கே சென்றிருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் அதனைக் கண்ட எதிரி, சில நிமிடங்களிலே மூழ்கடித்தான். அதிலே 307 பேர் மாண்டனர். துணையாகச் சென்ற அவுஸ்திரேலியக் கப்பல் ‘வம்பயர்’ உடன் மூழ்கிற்று. அவ்வழியே வந்த ‘வீற்றா’ என்னும் மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானோரைக் கரைசேர்த்தது.

மறைமொழி உடைந்தது; ஆனால் நாள் தவறிற்று. வள்ளுவர் ஒற்றாடல் என்னும் அதிகாரத்திலே இதற்கு எச்சரிக்கை வைத்திருக்கிறார். ஒற்றர் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள வேண்டும். மூவர் சொல்லும் ஒத்து வந்தாலே தெளிய வேண்டும் என்பது அவர் கருத்து. அதனைச் செய்து வென்ற கதையும் உடனே நிகழ்ந்தது. இரண்டு மாதங்களின் பின் யப்பானியர் ‘ஏ.எப்.’ என்னும் இடத்தைத் தாக்கப் போவதை அமெரிக்கர் அதே சங்கேதத்தில் படித்தனர். அது மிட்வே தீவாக இருக்கலாம் என்பது ஊகம். ஊகத்தோடு நிற்காமல், நன்னீர் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று மிட்வேயிலிருந்து வெளிப்படையாக ஒரு பொய்ச் செய்தி அனுப்பச் செய்தனர். சில நாளில் யப்பானியச் செய்தி ஒன்று, ‘ஏ.எப்.’பிலே நன்னீர்த் தட்டுப்பாடு என்றது! ஊகம் உறுதியாயிற்று. 1942 சூன் 4ஆம் திகதி தொடங்கிய போரிலே யப்பானியர் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தனர்.

வாய் திறவாதவர்கள்

கொழும்பிலிருந்த சங்கேதப் பிரிவு அந்த ஏப்பிரிலிலேயே ஆபிரிக்காவின் மொம்பாசாவுக்குப் பெயர்ந்தது. அங்கும் ஒரு பாடசாலைக் கட்டடமே கிடைத்தது. அடுத்த ஆண்டு மீண்டும் கொழும்புக்கு வந்தனர். 1944ஆம் ஆண்டிலே நேசநாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம் கண்டியை அடைந்த பின், திருமலைக் கரையும் மறைவுப் பணிகளால் நிறைந்தது. அமெரிக்க உளவு நிறுவனம் இங்கே பயிற்சி முகாம் ஒன்றை நடத்திற்று. மலாயா, சுமாத்திரா, சீயம் முதலிய நாடுகளுக்குச் செல்வோர் படகு செலுத்தவும், செய்தி அனுப்பவும், பிடிபட்டால் மௌனம் காக்கவும் பழகினர். இத்துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிகள் இரவோடிரவாக அவர்களை எதிரியின் கரையில் இறக்கின. அவர்களிற் சிலர் திரும்பவில்லை.

போர் முடிந்த பின்னும் சங்கேதப் பிரிவினர் வாய் திறக்கவில்லை. சத்தியம் செய்து கொடுத்தவர்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், கட்டிய மனைவிக்கும் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாமலே இருந்தனர். 1970ஆம் ஆண்டுகளில் அரசு தடையை நீக்கிய பின்பே நினைவுகளை எழுதத் தொடங்கினர். அப்படி எழுதியமையால்தான், ஒரு வியாழக்கிழமைக் காலை எம் ஊர்மேல் ஏன் குண்டு விழுந்தது என்பதை நாம் இன்று அறிகிறோம்.

இனி எம் வீட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லாமல் முடிக்க இயலவில்லை. எமது பாட்டனார் அக்காலத்திலே கப்பற்றளத்தில் சுமைகூலியாய் இருந்தவர். எண்ணெய்க் குதம் எரிந்த நாளைப் பற்றிச் சிறுவராகிய நாம் கேட்டபோதெல்லாம், “அது ஒரு நாள்” என்று மட்டும் சொல்லிச் சுருட்டை எடுத்துக்கொள்வார். அவரிடம் எவரும் சத்தியம் வாங்கவில்லை. அவரது மௌனத்துக்குச் சங்கேத ஏடும் கிடையாது. கூட வேலை செய்தவர்கள் யார், யார் வீடு திரும்பவில்லை, அன்றிரவு குடும்பம் எந்தக் காட்டு வழியே ஓடிற்று என்பவை எல்லாம் அவரிடம் இருந்தன. இன்னொரு நாள் ஆறுதலாகக் கேட்கலாம் என்று இருந்துவிட்டோம். அந்த இன்னொரு நாள் வரவில்லை. ஆங்கிலேயனின் கணக்கு நூலாகிவிட்டது. ‘ஹேர்மிஸ்’ கப்பலில் இறந்தோர் தொகை எண்ணிச் சொல்லப்படுகிறது. எமது பாட்டனாரின் நாள் மட்டும் மண்ணிலே புதைந்தது. அதை மீட்க எந்த நகரசபையும் கிணறு வெட்டப் போவதில்லை.

கோட்டை வாயிலிலே இதனைச் சொல்லி முடித்தபோது வெயில் ஏறிவிட்டது. மாணவர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நாவல் படித்த அந்தப் பையன், “சேர், அம்மம்மாவிட்ட இன்னும் கன விசயம் இருக்கு. அவவுக்கு எண்பத்தொன்பது வயது” என்றான். “அப்படியானால் இங்கே ஏன் நிற்கிறாய்?” என்று கேட்டோம்.

இரு கிழமைகளுக்குப் பின் அவன் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து எம் மேசையில் வைத்தான். வெண்பா முதற்பக்கத்தில் இருந்தது, அம்மம்மா சொன்ன பாடம் என்ற குறிப்போடு. அடுத்து, தம்பலகாமத்து வயல்களின் பழைய பெயர்கள். கோயிலுக்கு எந்த வயலிலிருந்து எந்த நாளில் நெல் போகும் என்ற கணக்கு. யப்பான்காரன் குண்டு போட்ட நாளைப் பற்றி அவர் தம் தாயாரிடம் கேட்டறிந்த கதை. சில சொற்கள் எமக்கே விளங்கவில்லை. அவற்றின் கீழே கோடிட்டு, “இதன் பொருள் கேட்டு வா” என்று எழுதித் திருப்பிக் கொடுத்தோம்.

வாசகர்களிடமும் எமது வேண்டுகோள் அதுவே. நாவல் படியுங்கள், தடையில்லை. விடுமுறையில் ஒரு நாள் கோட்டை வாயிலிலே நின்று அக்கல்லை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பியதும், திண்ணையிலே சாய்ந்திருக்கும் முதியவரின் அருகில் ஒரு கொப்பியோடு போய் இருங்கள்.